ஐந்நூறு மணி நேரக் கைகள்

டெக்சாஸில் மசாஜ் தெரபிஸ்ட் வேலை பார்ப்பவர்கள் தங்கள் லைசென்ஸைப் புகைப்படத்தோடு எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும். ஆள்கடத்தல் பற்றிய எச்சரிக்கை அறிவிப்பும் கடையில் இருந்தாக வேண்டும். உதவி கேட்டு அழைக்க வேண்டிய எண் அதில் இருக்கும். தோள்பட்டை பிடித்துக்கொண்டு வருகிற வாடிக்கையாளர் என் முகத்தைப் பார்க்கிறார், அடுத்து அந்த அறிவிப்பைப் பார்க்கிறார். என் தொழிலின் நூறு வருடக் கதை அந்தச் சுவரிலேயே இருக்கிறது. மருத்துவத்தின் திண்ணையில் இடம் கேட்டு நின்ற கதை லைசென்ஸில். போலீசின் சந்தேகக் கண்ணில் விழுந்த கதை அறிவிப்பில். ஒரு மாநிலத்து மசாஜ் லைசென்ஸை இன்னொரு மாநிலம் ஏற்றுக்கொள்ள இன்று ஓர் ஒப்பந்தம் தயாராக இருக்கிறது. அதில் சேர மாநிலங்கள் தயங்குகிற விதத்தைப் பார்த்தால் இந்த இரண்டு கதைகளையும் தெரிந்துகொள்ளாமல் முடியாது.

நான் படித்தது 500 மணி நேரம். டெக்சாஸ் அதைக் கணக்குப்பிள்ளை போலப் பிரித்து வைத்திருக்கிறது. மசாஜ் முறைகளுக்கு 200, அதில் ஸ்வீடிஷ் மசாஜ் குறைந்தது 125. உடற்கூறுக்கு 50, உடலியங்கியலுக்கு 25, தசையும் மூட்டும் அசையும் விதத்துக்கு 50, நோயியலுக்கு 40, நீர் சிகிச்சைக்கு 20, சட்டம், வியாபாரம், தொழில் நெறி மூன்றுக்கும் சேர்த்து 45, சுகாதாரம், முதலுதவிக்கு 20. மிச்சம் 50 மணி நேரம் பள்ளியின் கிளினிக்கில் நிஜ ஆட்களின் முதுகில் கைவைத்துப் பழக. ஆஸ்டினுக்கும் கில்லீனுக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளி அது. கில்லீனில் பெரிய ராணுவ முகாம் இருப்பதால் என் வகுப்பில் பட்டாளத்துக்காரர்களின் மனைவிகள் நிறையப் பேர். நான் ஐ.டி. வேலைக்காரரின் மனைவி. கணவனின் வேலை எங்கே கூப்பிடுகிறதோ அங்கே பெட்டி கட்டுகிறவர்கள் நாங்கள் எல்லோரும்.

அப்படித்தான் எங்கள் குடும்பம் நடுவில் சில காலம் வடகிழக்கு மாநிலம் ஒன்றுக்குப் போயிருந்தது. அங்கே என் 500 மணி நேரம் போதாது என்றார்கள். தேர்வில் தேறியிருக்கிறேன், வருடக்கணக்காக வேலை பார்த்திருக்கிறேன், ஒரு புகாரும் கிடையாது. எதுவும் எடுபடவில்லை. ஒரு ஸ்பாவில் ஃபோன் எடுத்துக்கொண்டும் துண்டு மடித்துக்கொண்டும் இருந்தேன். உள்ளே டேபிளில் படுத்திருந்தவர்களைத் தொட எனக்கு அனுமதி இல்லை. டெக்சாஸில் தொடலாம். எல்லை தாண்டியதும் என் கைக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தத் தொழிலின் சட்ட வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தேடல் என்னை ஒரு டாக்டரின் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தியது. ஃபிராங்க் டென்ட் மேற்கு வர்ஜீனியாவில் ஆறு வருடமாக வைத்தியம் பார்த்தவர். 1882-இல் அந்த மாநிலம், மருத்துவம் பார்க்க மாநில வாரியத்தின் சான்றிதழ் வேண்டும் என்று சட்டம் போட்டது. டென்ட்டிடம் பக்கத்து ஒஹாயோவின் சின்சினாட்டியில் ஒரு கல்லூரி கொடுத்த பட்டயம் இருந்தது. அந்தக் கல்லூரிக்கு மதிப்பில்லை என்று வாரியம் தள்ளியது. அவர் வைத்தியத்தை நிறுத்தவில்லை. 50 டாலர் அபராதம் விழுந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1889-இல் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் எழுதிய தீர்ப்பு மாநிலத்தின் பக்கம் நின்றது. மக்களின் உடல்நலத்தைக் காக்க, யார் எந்தத் தொழிலைச் செய்யலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்பது அன்று உறுதியானது. அமெரிக்காவில் தொழில் லைசென்ஸ்கள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்தத் தீர்ப்புதான். ஒரு மாநிலத்தில் வாங்கிய பட்டயம் அடுத்த மாநிலத்தில் செல்லாமல் போனதிலிருந்தே கதை தொடங்குகிறது என்பதை அன்றைக்கு நான் கவனித்துக் குறித்துக்கொண்டேன்.

மசாஜ் அப்போது அமெரிக்காவுக்குப் புதிது. ஸ்வீடனில் பெர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய உடற்பயிற்சிக் கழகத்திலிருந்து கிளம்பிய முறையை, 1850-களில் டெய்லர் சகோதரர்கள் நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் இன்றும் வகுப்பில் படிக்கிற நீவுதல், பிசைதல் போன்ற கைவகைகளை ஒழுங்குபடுத்தியவர் டச்சு மருத்துவர் மெட்ஸ்கர். பாஸ்டனில் டக்ளஸ் கிரஹாம், பேட்டில் கிரீக்கில் ஜான் ஹார்வி கெல்லாக் ஆகிய மருத்துவர்கள் மசாஜைப் பற்றிப் பெரிய புத்தகங்களே எழுதினார்கள். காலைச் சிற்றுண்டியால் பெயர் பரவிய அதே கெல்லாக் குடும்பம்தான்.

சந்தேகமும் கூடவே வந்தது. 1894-இல் லண்டனில் மசாஜ் நிலையங்கள் என்ற பெயரில் விபச்சாரம் நடக்கிறது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதியது. அதே வருடம் நான்கு செவிலியர்கள் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். படிப்பு, தேர்வு, நடத்தை விதி எல்லாம் வைத்து, நாங்கள் வேறு என்று காட்டினார்கள். அந்தச் சங்கம்தான் பின்னாளில் பிரிட்டனின் பிசியோதெரபி சங்கமாக வளர்ந்தது. அமெரிக்காவிலும் முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குக் கைவைத்தியம் செய்த பெண்கள், 1921-இல் மேரி மக்மில்லன் தலைமையில் தனிச் சங்கம் கண்டார்கள். அவர்கள் பிசிக்கல் தெரபி என்ற பெயரோடு மருத்துவமனைக்குள் போனார்கள். மசாஜ் என்ற பெயர் வாசலிலேயே நின்றுவிட்டது.

பாளையங்கோட்டையில் இருக்கிற என் சித்திக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. ஆனால் நான் லைசென்ஸ் வாங்கினேன் என்றதும் ஃபோனில் அவள் சொன்ன முதல் வார்த்தை: "ஏட்டி, யாராச்சும் கேட்டா பிசியோதெரபின்னு சொல்லு, மசாஜ்னு சொல்லாத." 1894-இல் லண்டன் செவிலியர்கள் எடுத்த முடிவும் ஏறக்குறைய இதுதான்.

மசாஜுக்கு லைசென்ஸ் தந்த முதல் மாநிலங்களில் ஒஹாயோ முந்தியது. 1915-இல் மசாஜ், கைரோபிராக்டிக் போன்றவற்றை மருத்துவத்தின் சிறு கிளைகள் என்று வகைப்படுத்தி, மாநில மருத்துவ வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது. அலோபதி டாக்டர்களின் வாரியம் எங்களைப் பரிசோதிப்பதா என்று கைரோபிராக்டர்கள் முரண்டுபிடித்துச் சிறைக்கும் போனார்கள். மசாஜ்காரர்கள் பணிந்து போனார்கள். இன்றும் ஒஹாயோவில் மசாஜ் லைசென்ஸ் தருவது மருத்துவ வாரியம்தான். 1943-இல் ஃப்ளோரிடா தனிச் சட்டம் போட்டது. அதே வருடம் சிகாகோவில் மசாஜ்காரர்களின் தேசியச் சங்கம் பிறந்தது. அதுவே இன்றைய அமெரிக்க மசாஜ் தெரபி சங்கம்.

மற்ற மாநிலங்கள் சும்மா இருந்த இடங்களில் நகராட்சிகள் புகுந்தன. 1960-கள், 70-களில் 'மசாஜ் பார்லர்' என்ற பெயரே கெட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு ஊரும் தனக்கென்று விதி போட்டது: கதவுக்குத் தாழ்ப்பாள் கூடாது, இத்தனை மணிக்குக் கடை மூட வேண்டும், கைரேகை தர வேண்டும். வர்ஜீனியாவின் ஃபால்ஸ் சர்ச் நகரம், ஆணுக்குப் பெண்ணோ பெண்ணுக்கு ஆணோ மசாஜ் செய்யக்கூடாது என்றே விதி கொண்டுவந்தது. அது செல்லும் என்று 1972-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரிக்கும் அளவுக்கு இதில் விஷயம் இல்லை என்று அதே வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஒழுங்காகப் படித்துவிட்டு வேலை செய்தவர்களுக்கு அப்போது ஒரே ஒரு தப்பும் வழிதான் தெரிந்தது. நகராட்சியின் போலீஸ் விதியிலிருந்து தப்ப, மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கேட்டுப் போராடியவர்களில் தொழில்காரர்களே முன்னால் நின்றதற்கு இதுதான் காரணம். பொதுவாக லைசென்ஸ் என்றால் புதியவர்களை உள்ளே விடாமல் பழையவர்கள் கட்டும் வேலி என்பார்கள். எங்கள் வேலியில் அந்த முள்ளும் உண்டு. ஆனால் முதலில் அது கட்டப்பட்டது போலீஸ் ஜீப்புக்கு எதிராக.

இப்படி மாநிலம் மாநிலமாக, தனித்தனிக் காலத்தில், தனித்தனிக் காரணத்துக்காகச் சட்டம் வந்ததால் ஒரே தொழிலுக்குப் பல தகப்பன்கள். ஒஹாயோவில் மருத்துவ வாரியம். நியூயார்க்கில் கல்வித் துறை. டெக்சாஸில் 2017 வரை சுகாதாரத் துறை பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு எலெக்ட்ரீஷியன்களுக்கும் இழுவை வண்டிகளுக்கும் லைசென்ஸ் தருகிற துறைக்கு எங்களை மாற்றிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் மாநில லைசென்ஸே கிடையாது. 2009 முதல் ஒரு மன்றம் விருப்பப்பட்டவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. கேன்சஸிலும் வயோமிங்கிலும் நெடுங்காலம் மாநில அளவில் எதுவுமே இல்லை.

மணி நேரக் கணக்கும் அதே மாதிரிதான். டெக்சாஸ் 1985-இல் பதிவுச் சட்டம் கொண்டுவந்தபோது 300 மணி நேரம் போதும் என்றது. பின்னால் 500 ஆக்கியது. ஃப்ளோரிடாவிலும் 500. நியூயார்க்கில் 1000. நியூயார்க்கில் முதுகெலும்பு இரண்டு மடங்கு நீளமா என்று எங்கள் வகுப்பில் கேலி பேசுவோம். 500 என்ற எண் பரவியதற்குக் காரணம் இருக்கிறது. 1992-இல் தேசிய அளவில் ஒரு சான்றிதழ்த் தேர்வு தொடங்கியது. அதை எழுத 500 மணி நேரப் படிப்பு வேண்டும் என்று வைத்தார்கள். அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் புதிதாகச் சட்டம் எழுதிய மாநிலங்கள் பல, கையில் கிடைத்த அந்த எண்ணையே எடுத்துக்கொண்டன. நிறையப் பள்ளிகள் 600 மணி நேரம் நடத்துவதற்கு வேறு காரணம்: மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்க வேண்டுமானால் படிப்பு பொதுவாகக் குறைந்தது 600 மணி நேரம் இருக்க வேண்டும். ஆக, ஒரு முதுகைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் முதுகைப் பார்த்து முடிவுசெய்யவில்லை. தேர்வுத் தாளும் கடன் விண்ணப்பமும் முடிவுசெய்தன.

2005-இல் மாநில மசாஜ் வாரியங்கள் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பு அமைத்தன. 2007-இல் அது எம்பிளெக்ஸ் என்ற தேர்வைக் கொண்டுவந்தது. 100 கேள்விகள், கணினியில் எழுதுவது. இதுவே சில வருடங்களில் பெரும்பாலான மாநிலங்களின் லைசென்ஸ் தேர்வாகிவிட்டது. பழைய தேர்வை நடத்தியவர்கள் 2015-இல் ஒதுங்கிக்கொண்டார்கள். நியூயார்க் போல ஓரிரு மாநிலங்கள் மட்டும் தங்கள் சொந்தத் தேர்வை அப்போது விடவில்லை. தேர்வு ஒன்றான பிறகும் லைசென்ஸ் ஒன்றாகவில்லை. ஒரே நாளில் ஒரே தேர்வை எழுதித் தேறிய இரண்டு பேர், ஒருவர் மாநிலத்தில் இன்னொருவர் வேலை செய்ய முடியாது.

மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்வது அமெரிக்காவில் புது விஷயம் அல்ல. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே அதற்கு இடம் இருக்கிறது. நியூயார்க் துறைமுகத்தை நிர்வகிக்க 1921-இல் ஒன்று, கொலராடோ நதி நீரைப் பங்கு போட 1922-இல் ஏழு மாநிலங்கள் சேர்ந்து ஒன்று என்று அவை எழுதப்பட்டன. ஆறு, துறைமுகம், எல்லைக்கோடு என்று இருந்த ஒப்பந்தங்களை ஆட்களின் தொழிலுக்குக் கொண்டுவந்தவர்கள் நர்ஸ்கள். 2000-த்தில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய ஒப்பந்தத்தின்படி, சேர்ந்த மாநிலம் ஒன்றில் வாங்கிய லைசென்ஸ் மற்றவற்றிலும் செல்லும். பின்னால் பிசிக்கல் தெரபிஸ்ட்களும் டாக்டர்களும் அதே வழியில் போனார்கள்.

எங்கள் முறை வந்தது எங்களுக்காக அல்ல. 1950-களில் லைசென்ஸ் தேவைப்பட்ட அமெரிக்கத் தொழிலாளர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 2015-இல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கையின்படி நாலில் ஒருவருக்கு மேல். இதில் அதிகம் அடிபட்டவர்கள் ராணுவக் குடும்பங்கள். 2012-இல் நிதித் துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒரு வருடத்தில் மாநிலம் மாறும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ராணுவத்தினரின் மனைவி அல்லது கணவருக்குப் பத்து மடங்கு அதிகம். அந்தத் துணைகளில் வேலைக்குப் போகிறவர்களுள் சுமார் 35 சதவீதத்தினரின் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும். மனைவிக்கு வேலை இல்லையென்றால் சிப்பாய் பட்டாளத்தை விட்டுப் போய்விடுவான் என்பதே பாதுகாப்புத் துறையின் கவலை. அந்தத் துறை மாநில அரசுகளின் மன்றத்தோடு கைகோத்து, புதிய ஒப்பந்தங்கள் எழுத 2021-இல் ஐந்து துறைகளைத் தேர்ந்தெடுத்தது: ஆசிரியர், சமூகப் பணி, அழகுக்கலையும் முடிதிருத்தமும், பல் மருத்துவம், மசாஜ். என் வகுப்புத் தோழிகள் போன்றவர்களுக்காகத்தான் அந்தக் கதவு தட்டப்பட்டது.

மசாஜ் ஒப்பந்தத்தின் ஏற்பாடு எளிது. சேர்ந்த மாநிலம் ஒன்றில் குடியிருக்க வேண்டும், அங்கே லைசென்ஸ் இருக்க வேண்டும், தேசியத் தேர்வில் தேறியிருக்க வேண்டும், கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும், 625 மணி நேரம் அல்லது அதற்கு ஈடான படிப்பு இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் பலமாநில லைசென்ஸ் ஒன்று கிடைக்கும். வேலை செய்கிற மாநிலத்தின் விதிக்குக் கட்டுப்பட வேண்டும். ஒரு மாநிலத்தில் நடவடிக்கைக்கு ஆளானவரின் விவரம் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான தரவுத்தளத்தில் ஏறும். இந்தக் கடைசி விஷயத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஒரு மாநிலத்தில் வாடிக்கையாளரிடம் அத்துமீறி லைசென்ஸ் இழந்தவர் அடுத்த மாநிலத்தில் போய்ப் புதிதாகப் போர்டு மாட்டுவதைத் தடுக்க, தனித்தனி வேலிகளால் ஆகாது. தகவல் பகிர்வுதான் உதவும். ஆள்கடத்தலைத் தடுக்கவும் அப்படித்தான்.

ஏழு மாநிலங்கள் சட்டமாக்கினால் ஒப்பந்தம் உயிர்பெறும். நெவாடா 2023-இல் முதலாவதாக ஏற்றது. ஒஹாயோ, வர்ஜீனியா, ஆர்கன்சா, மொன்டானா தொடர்ந்தன. முதல் இரண்டு வருடக் கணக்கு ஒரு கைவிரல்களோடு நின்றது. அதற்குள், கூடவே கிளம்பிய மற்ற நான்கு துறைகளும் தேவையான எண்ணிக்கையை 2024-க்குள் எட்டிவிட்டன. முடிதிருத்துபவர்களும் ஆசிரியர்களும் பல் டாக்டர்களும் தாண்டிய கோட்டை மசாஜ்காரர்கள் மட்டும் தாண்டவில்லை.

ஏன்? நான் இரண்டு காரணம் பார்க்கிறேன். முதலாவது, 625. இந்தத் தொழிலின் அமைப்புகள் கூடி, தொடக்கநிலையில் ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று 2013 வாக்கில் ஆராய்ந்தபோது வந்த எண் அது. ஒருவழியாக முதுகைப் பார்த்து முடிவுசெய்த எண் என்பதால் அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற பெரிய மாநிலங்களின் சட்டம் 500 என்கிறது. அங்கே படித்தவர்களுக்கு உடனே பலன் தராத ஒப்பந்தத்துக்காக எந்த எம்.எல்.ஏ. மெனக்கெடுவார்? இரண்டாவது, 2023 ஜனவரியில் வந்த ஒரு மத்திய சட்டத் திருத்தம். ராணுவ உத்தரவின்பேரில் மாநிலம் மாறுகிறவரும் அவருடைய வாழ்க்கைத்துணையும், தாங்கள் பயன்படுத்திவந்த தொழில் லைசென்ஸைப் புதிய மாநிலத்திலும் பயன்படுத்தலாம் என்று அது சொல்லிவிட்டது. வக்கீல் தொழிலுக்கு மட்டும் விலக்கு. பட்டாளத்து மனைவிக்குத் தனி வழி திறந்தாயிற்று. அவளை முன்னிறுத்தி எழுதிய ஒப்பந்தத்துக்கு இப்போது யார் அவசரப்படப் போகிறார்கள்?

என் தோழிகளுக்கு வழி கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வகுப்பில் எங்கள் டேபிள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அதே ஆசிரியர், அதே 500 மணி நேரம், அதே தேர்வு. அவளுடைய லைசென்ஸ் எல்லை தாண்டும், என்னுடையது தாண்டாது என்றால், வித்தியாசம் எங்கள் கைகளில் இல்லை. எங்கள் கணவர்களின் முதலாளிகளில் இருக்கிறது. வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காக லைசென்ஸ் என்று 1889-இலிருந்து சொல்லிவருகிறார்கள். பாதுகாப்புதான் காரணம் என்றால் அவளுக்குச் சரியாக இருப்பது எனக்கும் சரியாக இருக்க வேண்டும்.

ஒஹாயோவின் 1915-ஆம் வருடச் சட்டம் டாக்டர்களின் நிம்மதிக்காக வந்தது. எழுபதுகளின் நகராட்சி விதிகள் போலீசுக்காக. 600 மணி நேரம் கடனுக்காக. ஒப்பந்தம் பட்டாளத்துக்காக. நான் தேடிப் படித்த இந்த நூறு வருடக் கதையில், வேலை செய்கிறவரின் நடமாட்டத்துக்காக என்று எழுதிய ஒரு சட்டமும் என் கண்ணில் படவில்லை. அதனால்தான் ஒப்பந்தத்தில் இருக்கிற 'ஈடான படிப்பு' என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். டேபிள் பக்கத்தில் நின்று புகாரில்லாமல் கழித்த வருடங்களும், டெக்சாஸ் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேட்கிற 12 மணி நேரத் தொடர்கல்வியும் அந்த ஈட்டில் சேர வேண்டும். அப்படிச் சேர்த்தால் 500-க்கும் 625-க்கும் நடுவிலுள்ள 125 மணி நேரத்தை என்னைப் போன்றவர்கள் எப்போதோ கடந்திருப்போம். 500 மணி நேர மாநிலங்களின் சட்டமன்றங்களுக்கும் கையெழுத்துப் போட ஒரு காரணம் கிடைக்கும். டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடும். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதை நான் கடிதமாக எழுதப் போகிறேன். பட்டாளத்து மனைவிகள் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், தங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும்.